வேலைக்குப் போறவையின்ர ரயர்

சைக்கிள் கடை ஒன்றைத் தேடிப் பிடிக்க நிலாணிக்கு ஒரு கிழமை போனது. நல்ல கடையைத் தேடவில்லை. தமிழ் ஆட்கள் வராத கடையைத் தேடினாள். ஸ்காபரோ என்றால் கேட்கவே வேண்டாம், தெருவுக்குத் தெரு எங்கட சனம். யூனியன்வில்லில் பெரியம்மாவின் குடும்பம். ரெக்ஸ்டேலில், வீட்டுக்குக் கிட்டவே ஒரு கடை இருந்தது. அதற்குப் பக்கத்துக் கதவு கொத்துரொட்டிக் கடை. கடைசியில் தெற்கே ஏரிக்கரையோரம், நாய்களுக்குக் கோட்டும் சப்பாத்தும் போட்டுக் கூட்டிக்கொண்டு திரிகிறவர்கள் வாழும் பகுதியில் ஒன்று அகப்பட்டது. கார்த்திகை கடைசிச் சனிக்கிழமை பின்னேரம், காரின் பின்சீற்றை மடித்து, அப்பாவின் சைக்கிளை உள்ளே தள்ளி, அப்பாவை முன்னால் ஏற்றிக்கொண்டு போனாள்.

கார் அப்பாவுடையது. ஓட்டுவது நிலாணி. கோடையிலிருந்து அப்படித்தான்.

அப்பா ஜெயரட்ணம் குடிகாரர் அல்ல. எல்லாக் குடிகாரர் வீட்டிலும் சொல்கிற வசனம்தான் இது. ஆனாலும் இந்த வீட்டில் அது உண்மை. மிசிசாகாவில் ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடு, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான கொண்டாட்டம். உள்ளே பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வர, வெளியே கார் தரிப்பிடத்தில் யாரோ வான் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து ஊற்றினார்கள். வேண்டாம் என்று சொன்னால் பெரிய ஆள் ஆகிவிட்டான் என்பார்கள் என்று ஒன்று எடுத்தவர், ஒன்றோடு நிற்கவில்லை. திரும்பி வருகிற வழியில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. பின்சீற்றில் பட்டுச்சேலையோடு அம்மா தவமணி. முன்னால் அவருக்குப் பக்கத்தில், மடியில் பலகாரப் பையை வைத்துக்கொண்டு நிலாணி. அவளிடமும் லைசன்ஸ் இருந்தது. 'நான் ஓடுறன்' என்று அவள் கேட்கவில்லை. புதுச் செருப்பு காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஜெயரட்ணத்தின் லைசன்ஸ் ஒரு வருடத்துக்குப் போனது.

அடுத்த நாளே தவமணி ஒரு கதையைக் கட்டிவிட்டாள். முதலில் கேட்டவர் பக்கத்து வீட்டு அகஸ்ரின். "இவருக்குக் கொலஸ்ரரோல் கூடிப்போச்சு அண்ணை. காரை விட்டிட்டு உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் சொல்லிப்போட்டார்." அகஸ்ரின் தலையாட்டினார். "ஓமோம், உடம்புதானே முக்கியம்." பிறகு தவமணி அதையே கோயிலில் சொன்னாள், ரெலிபோனில் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

ஜெயரட்ணத்துக்கு வேலை எயார்ப்போட் பக்கம், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற கொம்பனியில். விடியமுதல் தொடங்குகிற ஷிப்ற். குளிரூட்டிய மண்டபத்தில் நின்று, தட்டுத் தட்டாகக் கோழியும் சோறும் வைத்து, வெள்ளித்தாளால் மூடி, வண்டிலில் அடுக்கவேண்டும். அந்த நேரத்துப் பஸ்ஸில் அதே கொம்பனியில் வேலை செய்கிற எங்கட பெண்கள் நாலைந்து பேர் ஏறுவார்கள். "பஸ்ஸுக்கு நிண்டால், அண்ணை கார் எங்கை எண்டு கேப்பினம்" என்று அவர் பஸ்ஸை விட்டார். முதல் இரண்டு கிழமையும் நிலாணிதான் கொண்டுபோய் இறக்கினாள். பிறகு ஒருநாள் இருட்டோடு ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"குடிச்சது நீங்கள். முழிக்கிறது நானோ?"

அவர் சோற்றுப் பையை எடுத்துக்கொண்டார். இறங்கிப் போனார். அந்தக் கிழமையே ஒரு பழைய சைக்கிள் வீட்டு வாசலில் நின்றது.

கோடை முழுக்க றோட்டாலேதான் போனார். ஒருநாள் அல்பியன் றோட் சிவப்பு லைற்றில் நிலாணியின் கார் நின்றது. பக்கத்தில், கந்தோரில் அவளோடு வேலை செய்கிற ஹரிப்ரியா. சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். காருக்குப் பக்கவாட்டில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. செம்மஞ்சள் மேலங்கி, ஹாண்டிலில் ஒரு சோற்றுப் பை.

"பாவம்ப்பா, இந்த வயசுல" என்றாள் ஹரிப்ரியா. "எங்க பில்டிங்லயும் ஒரு அங்கிள் இப்படித்தான். குடிச்சிட்டு மாட்டி லைசன்ஸ் போச்சு. இவரும் அந்தக் கேஸாத்தான் இருக்கும்."

நிலாணி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணில் தெரிந்தது: ஜெயரட்ணம் தன்னுடைய காரை அடையாளம் கண்டார், கையைத் தூக்கினார், பக்கத்தில் ஆள் இருப்பதைக் கண்டார், தூக்கிய கையால் ஹெல்மெற்றைச் சரிசெய்தார். லைற் பச்சையானது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நிலாணி சொன்னாள். "அப்பா, இனி றோட்டாலை போகாதேங்கோ. பின்னாலை ஆத்தங்கரைப் பாதை கிடக்குத்தானே. அதாலை போங்கோ."

"அது சுத்து, பிள்ளை."

"சுத்தெண்டாலும் சனம் இல்லை."

அவர் இடியப்பத்தைச் சொதிக்குள் பிசைந்தபடி "ஓம்" என்றார். அதற்குப் பிறகு ஹம்பர் ஆற்றங்கரைப் பாதைதான். பனிக்காலத்தில் அந்தப் பகுதியைத் துப்புரவாக்க மாட்டோம் என்று பலகையே நட்டிருந்தார்கள். றோட்டென்றால் உப்புப் போட்டு, பனியை வழித்து, கரிக்கட்டை மாதிரிக் கறுப்பாகக் கிடக்கும். எந்த ரயரும் போகும். வெட்கப்பட்ட ஆளுக்குத்தான் வேறு ரயர் தேவைப்பட்டது.

ஏரிக்கரைக் கடைக்குள் புது ரப்பர் மணந்தது. ஜெயரட்ணம் சப்பாத்தை வாசலில் நாலைந்து தரம் துடைத்தார். "பெரிய இடம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்று குனிந்து சொன்னார். அவ்வளவுதான். பின்னால் ஒரு சைக்கிளின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்தான்.

"அங்கிள் தமிழோ? நானும் தமிழ்தான். அபிஷன்."

நிலாணி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கை அங்கிள் இருக்கிறியள்?"

அவள் வாய் திறக்கமுதல் அப்பா சொல்லிவிட்டார். "ரெக்ஸ்டேல், தம்பி."

"சீரியஸ்லி? எங்கட அம்மா ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பக்கக் கோயிலுக்கு வாறவா. கண்டிருப்பியள்." அவன் கையைத் துணியில் துடைத்தான். "சரி, வின்ரர் ரயரோ? அங்கிள் எங்கை ரைட் பண்ணுறவர்? றோட்டா, ட்ரெயிலா?"

"ட்ரெயில்" என்றாள் நிலாணி. "சும்மா, ஒரு ஹொபிக்கு."

"நைஸ்! வீக்கென்டிலையா?"

"ஓம்."

"பகலிலைதானே?"

"பகலிலைதான்."

"புது ஸ்னோவிலையா, இல்லாட்டி ஐஸ் எண்டாலும் போவாரா? அதைப் பொறுத்துத்தான் ரயர்."

"ஸ்னோ விழுந்தால் ஆசைக்குப் போவார். ஐஸ் எண்டால் வீட்டிலை நிப்பார்."

கேள்விகள் எல்லாம் ஜெயரட்ணத்துக்கு. பதில்கள் எல்லாம் நிலாணியுடையவை. அபிஷன் அவருடைய முகத்தைப் பார்த்தான். அவர் ஒருதரம் மகளைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"ஓம் தம்பி. ஒரு எக்சர்சைஸ். டொக்டர் சொன்னவர். கொலஸ்ரரோல்."

தவமணி கட்டிய பொய் அவருடைய வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல்தரம். வாய்பாடு சொல்லுகிற பிள்ளை மாதிரிச் சொன்னார்.

அபிஷனுக்கு நல்ல சந்தோசம். சுவரிலிருந்து அகலமான ரயர் ஒன்றை இறக்கி, அதன் பெரிய பற்களை விரலால் மடக்கிக் காட்டினான். "இது சொஃப்ற் ரப்பர், அங்கிள். குளிருக்கு இறுகாது. காத்தைக் கொஞ்சம் குறைச்சு விட்டியள் எண்டால், ஸ்னோவை அள்ளி அள்ளிப் பிடிக்கும். உங்களுக்கு இது பெர்ஃபெக்ற்."

ஜெயரட்ணம் அதைப் பார்க்கவில்லை. கீழ்த்தட்டில் கிடந்த வேறொன்றைத் தூக்கி, அதன்மேல் பெருவிரலை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு ரப்பருக்குள் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் மினுங்கின.

"இதென்ன தம்பி, ஆணியோ?"

"ஓம் அங்கிள், ஸ்ரட் ரயர். ஐஸைக் கடிச்சுப் பிடிக்கும். ஆனா பாரம். றோட்டிலை ஏறினா கரகர எண்டு சத்தம், நாலு வீட்டுக்குக் கேக்கும். உது ஒவ்வொரு நாளும் விடிய வேலைக்குப் போற ஆக்களுக்கு. உங்களுக்குத் தேவையில்லை."

பெருவிரல் அந்த ஆணிகளிலேயே நின்றது. தட்டு மூடி மூடி நகம் தேய்ந்த விரல். அவர் மகளைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

"அப்பா, அதை வைச்சிட்டு வாங்கோ. அது வேலைக்குப் போறவையின்ர ரயர்."

எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தார்.

"றெஸ்பெக்ற், அங்கிள்" என்றான் அபிஷன், மற்ற ரயரைப் பூட்டிக்கொண்டே. "எங்கட அப்பா வின்ரர் எண்டால் குப்பை போடக்கூடக் கார் கேக்கிற ஆள்."

ஜெயரட்ணம் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார். சைக்கிளுக்குப் பின்னால் பூட்ட ஒரு சிவப்பு லைற்றும் எடுக்கச் சொன்னான் அபிஷன்; நிலாணி எடுத்தாள். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெரிந்து நின்றன.

"நல்ல பெடியன்" என்றார் அப்பா.

"ம்."

"அந்த ஆணி ரயர்…"

"என்ன?"

"ஒண்டுமில்லை, பிள்ளை."

மார்கழியில் பனி நன்றாகக் கொட்டியது. ரயரும் நன்றாகத்தான் பிடித்தது. "மாவிலை ஓடுற மாதிரிக் கிடக்கு" என்று வந்து சொன்னார். தவமணிக்கும் பெருமை, 'பனிக்குள்ளையும் விடமாட்டார்' என்று கதையில் ஒரு வரி கூட்டினாள். தையில் ஒருநாள் பகல் முழுக்க மழை. இரவு குளிர் இறுக்கியது. பாதையில் நடந்தவர்களின் அடிச்சுவடுகள் எல்லாம் கண்ணாடிக் குழிகளாக உறைந்து கிடந்தன. பாலத்துக்குக் கீழே, வளைவில், முன்சில்லு போன திசை வேறு, ஜெயரட்ணம் போன திசை வேறு.

நாயோடு வந்த ஒரு கிழவி அம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டாளாம். வேண்டாம் என்று எழும்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். முகமூடியைக் கன்னத்துக்கு மேலே இழுத்துவிட்டு, ஷிப்ற் முடியும்வரை ஒற்றைக் கையால் தட்டு மூடினார். 'எப்பிடி விழுந்தனீங்கள்' என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே. பின்னேரம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்ற முடியாமல் நின்றபோதுதான் தவமணி கண்டாள்: மணிக்கட்டு பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கி, கன்னத்தில் ஒரு பக்கத் தோலே இல்லை.

எலும்பு வெடிப்பு. மாக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

"படியிலை சறுக்கிப்போட்டுது அக்கா" என்று தவமணி ரெலிபோனில் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிலாணி ரெலிபோனைப் பறித்து வைத்தாள்.

"இன்னும் எத்தினை பொய்யம்மா?"

"ஓ, நான்தான் பொய்க்காரி. றோட்டாலை போன மனுசனை ஆத்தங்கரைக்குக் கலைச்சது ஆர்?"

"கொலஸ்ரரோல் எண்டு ஊர் முழுக்கப் பறை தட்டினது ஆர்?"

"உனக்காகத்தானடி! நாளைக்கு உன்னைப் பொம்பிளை கேட்டு வாறவை, தேப்பன் குடிச்சிட்டு ஓடிப் பிடிபட்டவன் எண்டால்…"

"என்னை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ."

"படிச்சுப் பட்டம் எடுத்தனீ. உனக்கு வெக்கமில்லையெண்டால் கந்தோர்ச் சிநேகிதிக்குச் சொல்லியிருக்கலாமே, சைக்கிளிலை போறது என்ர அப்பா எண்டு."

இது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அல்பியன் றோட் சிவப்பு லைற்றில் நடந்ததை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அப்படியானால் அப்பா சொல்லியிருக்கிறார். முறைப்பாடாக அல்ல, 'பிள்ளை சிநேகிதியோட போகுது, கண்டனான்' என்று சந்தோசமாகத்தான் சொல்லியிருப்பார். அதை நினைக்க இன்னும் கேவலமாக இருந்தது.

ஜெயரட்ணம் இடக்கையால் கரண்டியைப் பிடித்துப் புட்டைத் துரத்திக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்கோ. தவம், அந்த மீன்குழம்பிலை கொஞ்சம் விடு."

"கை சுகமாகினாப் பிறகு நான் கொண்டுபோய் விடுறன்பா" என்றாள் நிலாணி.

"வேண்டாம், பிள்ளை. உனக்கு நித்திரை முக்கியம்."

"எனக்குப் பரவாயில்லை."

"நீ அண்டைக்குச் சொன்னது சரிதானே. குடிச்சது நான்." கோபமில்லாமல் சொன்னார். நல்ல கணக்கொன்றைப் பிள்ளை செய்து காட்டியதுபோல் ஒப்புக்கொண்டார். அவள் சொன்ன வசனத்தை அவர் இத்தனை மாதமும் சோற்றுப் பையோடு கொண்டு திரிந்திருக்கிறார்.

மாக்கட்டை வெட்டி, அவர் மறுபடி வேலைக்குப் போகவேண்டிய நேரம் மாசி முடிந்துகொண்டிருந்தது. பாதையில் பனி கரைந்து கரைந்து உறைந்து, முன்பைவிட மோசம். மறுபடி அதே கடை. இந்தமுறை நிலாணி ஒரு முடிவோடு போனாள்.

"அங்கிள்! எப்பிடி ட்ரெயில்?" என்று வந்த அபிஷன், கன்னத்துத் தழும்பைக் கண்டு நின்றான்.

"நான் அண்டைக்குச் சொன்னது பொய்" என்றாள் நிலாணி. "அப்பா ஒவ்வொரு நாளும் விடிய இருட்டோட வேலைக்குப் போறவர். ஐஸிலைதான் போறவர். குடிச்சிட்டுக் கார் ஓடி லைசன்ஸ் போனது. ஹொபியும் இல்லை, கொலஸ்ரரோலும் இல்லை."

உண்மை சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். குரல் உயர்ந்துவிட்டது. பாஷை விளங்காத இரண்டு பேர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயரட்ணம் சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே தொங்கிய சைக்கிள் மணிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய பிடரி சிவந்திருந்தது. போனமுறை பொய்யால் அவரை மூடினாள். இந்தமுறை நடுக்கடையில் துணியை உரிந்துவிட்டாள். இரண்டுமுறையும் அவரைக் கேட்கவில்லை.

அபிஷன் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஆணி ரயர் இரண்டை எடுத்தான். பிறகு அவளைத் தாண்டிப் போய் அவரிடமே பேசினான்.

"அங்கிள், இது புது ஆணி. முதல் கொஞ்ச நாள் றோட்டிலைதான் ஓடவேணும், மெதுவா. அப்பத்தான் ஆணி ரப்பருக்குள்ளை இறுகி இருக்கும். நேரை ஐஸுக்குள்ளை கொண்டுபோனா கழண்டிடும். என்ன, சரியோ?"

"சரி, தம்பி" என்றார், மணிகளைப் பார்த்தபடி.

காரில் வெகுதூரம் வந்தபிறகு ஒரே ஒரு வசனம் சொன்னார். "அவ்வளவும் சொல்லியிருக்கத் தேவையில்லை, பிள்ளை."

திங்கட்கிழமை விடியமுதல் நிலாணி எழும்பித் தேத்தண்ணி வைத்தாள். அவர் நின்றபடியே குடித்தார். வெளியே மூக்கைக் கடிக்கிற குளிர்.

"கார் திறப்பு கையிலை இருக்கு அப்பா. ஏறுங்கோ."

"நீ போய்ப் படு."

"அப்ப றோட்டாலை போங்கோ. அந்தப் பெடியன் சொன்னதுதானே."

"ஓமோம். றோட்டாலைதான்."

சைக்கிள் உப்புப் போட்ட தெருவில் இறங்கியதும் சத்தம் கிளம்பியது. தகரத்தில் அரிசியைக் கொட்டி இழுத்ததுபோல, கரகரவென்று, வரிசை வீடுகளின் சுவர்களில் பட்டுத் திரும்பியது. நிலாணி வாசலில் நின்று கேட்டாள். தெரு முடிகிற இடத்தில் இடப்பக்கம் பெரிய றோட். வலப்பக்கம் ஆற்றுக்கு இறங்குகிற பாதை. சத்தம் இடப்பக்கம் திரும்பும். திரும்பிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு வாசல் லைற் பற்றியது. அகஸ்ரின் கோட்டைக் கொளுவிக்கொண்டு வெளியே வந்தார். சத்தம் நின்றது.

நிலாணி வீதி முனையைப் பார்த்தாள். சைக்கிள் வலப்பக்கம் வெட்டி, பனிக்குள் இறங்கி, மொட்டை மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு லைற் மட்டும் தெரிந்தது.

"உதென்ன பிள்ளை சத்தம்?" என்றார் அகஸ்ரின், கார்க் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டியபடி.

அவளுடைய கால் தன்பாட்டில் கதவுக்குப் பின்னால் அரையடி போனது. திரும்பி முன்னால் வைத்தாள்.

"அப்பாதான் அங்கிள். வேலைக்குப் போறார். லைசன்ஸ் இல்லை, அதுதான் சைக்கிள்."

அகஸ்ரின் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்தானே."

"எப்பிடி?"

"அண்டைக்குச் சாமத்தியவீட்டு மண்டபத்துக்குப் பின்னாலை, ஊத்தின இடத்திலை நானும்தானே நிண்டனான். அடுத்த நாள் அம்மா வந்து கொலஸ்ரரோல் எண்டவ. முகத்துக்கு நேரை இல்லையெண்டு சொல்லேலுமே? ஓமெண்டு விட்டன். எல்லாரும் அப்பிடித்தான் விட்டது."

"எல்லாருமோ?"

"பின்னை?" அவர் கண்ணாடியை ஊதித் துடைத்தார். "நானும் ஒவ்வொரு நாளும் உந்த எயார்ப்போட் பக்கம்தானே போறன், பிள்ளை. ஏத்திக்கொண்டு போக எனக்கு என்ன பாரமே? ஆனா வாரும் எண்டு கேட்டால், எனக்குத் தெரியும் எண்டு ஆகிப்போகும். அந்த மனுசன் வெக்கப்பட்டுப் போகும். அதுதான் கேக்கேல்லை."

நிலாணி ஆற்றுப் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அகஸ்ரின் சுரண்டியைக் காரின்மேல் வைத்தார்.

"சரி, இப்ப நீ சொல்லிப்போட்டாய்தானே. இனியென்ன."

தெரு முனைக்கு விறுவிறுவென்று நடந்தார். அவள் வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடினாள். சரிவில், கீழே, சிவப்பு லைற் வளைந்து வளைந்து மெதுவாகப் போனது. அகஸ்ரின் இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"ஜெயம்! ஜெயம், நில்லும்! நான் அகஸ்ரின்!"

லைற் நின்றது. கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு அணைந்தது. இருட்டுக்குள் ஐஸை ஆணிகள் கடிக்கிற சத்தம் மட்டும், முன்பைவிட வேகமாக, ஆற்றுப் பக்கம் போனது.

"கேக்கேல்லைப் போல" என்றார் அகஸ்ரின்.

"கேட்டது, அங்கிள்" என்றாள் நிலாணி.